பழைய 303 தோட்டா: எது சுடக்கூடியது, எது தொடக்கூடாதது

மலேசியாவின் சிலிம் ரிவரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வயதான பால்மரங்களை, அதாவது ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை வைக்க மண்ணைப் புரட்டும்போது பழைய தோட்டாக்கள் வெளியே வருவது உண்டு. சில நேரம் வெறும் பித்தளை உறை, சில நேரம் குண்டோடு சேர்ந்த முழுத் தோட்டா. நான் ராணுவத்தில் ஆயுதப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் ஊரில் பலர் என்னிடம்தான் கேட்கிறார்கள், இப்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் படமே வந்துவிடுகிறது. கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: "ஐயா, எண்பது வருசத்துக்கு மேல ஆச்சு, இது செத்துப் போயிருக்கும்தானே?"

செத்துப் போகவில்லை என்று வைத்துக்கொண்டுதான் பழக வேண்டும். தோட்டா கெடுவது வயதால் என்பதைவிட அது கிடந்த இடத்தால்தான். 1940களில் செய்து, ஈரம் புகாத தகரப் பெட்டியில் அடைத்து, உலர்ந்த ஊரில் வைத்திருந்த 303 தோட்டாக்களை, அதாவது பிரிட்டிஷ் படையின் லீ என்ஃபீல்டு ரைஃபிளில் போடுபவற்றை, நான் சுட்டிருக்கிறேன், ஒவ்வொன்றும் நேற்றுச் செய்ததுபோல் வெடித்தது. அதைவிட முப்பது நாற்பது வருடம் இளைய தோட்டாக்கள், தகரக் கூரைக்குக் கீழே வெயிலில் வெந்து, உறையின் கழுத்து வெடித்து, கழித்துக் கட்ட வேண்டிய நிலையில் இருந்ததையும் பார்த்திருக்கிறேன். இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும்.

முதலில் நம் பக்கத்து மண்ணில் இது ஏன் இவ்வளவு கிடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்ன கிடைக்கும் என்பதை அந்த வரலாறுதான் தீர்மானிக்கிறது. 1942 ஜனவரி 7ஆம் தேதி விடியற்காலையில் ஜப்பானிய டாங்கிகள் துரோலாக்கிலிருந்து பெரிய ரோட்டோடு இறங்கி சிலிம் ரிவர் பாலம் வரை வந்துவிட்டன. வழியில் இருந்தவர்கள் ஹைதராபாத், பஞ்சாப் ரெஜிமெண்டுகளைச் சேர்ந்த இந்தியப் படையினர், ஸ்காட்லாந்தின் ஆர்கைல் படையினர், அப்புறம் குளூனி தோட்டப் பக்கம் கூர்க்காக்கள். ஒரே காலையில் படை சிதறிப் போனது. தப்பியவர்கள் ரோட்டை விட்டுப் பால்மரக் காட்டுக்குள் ஓடினார்கள், கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடியவர்களும் உண்டு. அதற்கப்புறம் 1944, 1945இல் காட்டுக்குள் இருந்த ஜப்பானிய எதிர்ப்புப் படைக்கு பிரிட்டிஷ்காரர்கள் விமானத்திலிருந்து ஆயுதம் போட்டார்கள். அதற்கும் பிறகு 1948இலிருந்து 1960 வரை அவசரகாலம், கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு நடந்த சண்டை. ஆக, ஒரே நிலத்தில் மூன்று காலத்துச் சரக்கு கிடக்கலாம்.

அவசரகாலத்தில் சட்டவிரோதமாக ஆயுதம் வைத்திருந்தால் மரண தண்டனை. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்த நம் பாட்டிமார்களுக்கு அந்தச் சட்டத்தின் ஷரத்து எதுவும் தெரியாது, ஆனால் ஒரு தோட்டா வீட்டில் இருந்தால் குடும்பமே போய்விடும் என்பது தெரியும். பிள்ளைகள் எங்கிருந்தாவது பொறுக்கி வந்ததைக் கக்கூஸ் குழியிலும் ஆற்றிலும் போட்டிருக்கிறார்கள், அடுப்புக்குப் பின்னால் புதைத்தும் இருக்கிறார்கள். போர் நடக்காத இடத்தில், பழைய லயம் இருந்த இடத்தில், தோட்டா கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 1960இல் வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்திலும், பாதுகாப்புப் பகுதியாக அறிவித்த இடத்தில் தோட்டா வைத்திருப்பதற்குக் கட்டாய மரண தண்டனை இருந்தது, அந்தச் சட்டம் நீங்கியது 2012இல்தான். இன்றும் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் ஏழு ஆண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அல்லது இரண்டும். தாத்தாவின் நினைவுப் பொருள் என்று சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று யாரும் நம்பி இருக்க வேண்டாம்.

அதனால் இங்கே, நம் ஊரில், மண்ணிலிருந்து வந்த தோட்டாவைச் சுடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. நான் பழைய ராணுவத் தோட்டாக்களைச் சுட்டதெல்லாம் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில். என் மச்சான் அங்கே குடியேறிப் பல வருடமாகிறது, உரிமம் எடுத்து ஒரு ரைஃபிள் கிளப்பில் இருக்கிறார், அவரிடம் லீ என்ஃபீல்டு இருக்கிறது. நான் அங்கே போகும்போதெல்லாம் கிளப் விதிப்படி, பொறுப்பாளர் பக்கத்தில் நிற்கச் சுடுவேன். அங்கே கற்றதையும் ராணுவத்தில் கற்றதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அடையாளம் காண்பதற்கு வருகிறேன். படத்தை வைத்தே நிறையச் சொல்லலாம். நான் எவரிடமும் தோட்டாவை எடுத்துக் கழுவி அனுப்பு என்று சொல்வதில்லை, கிடக்கிற இடத்திலேயே கிடக்கட்டும், எட்ட நின்று எடுத்த படம் போதும். முதலில் பார்ப்பது அடிப்பாகம். 303 தோட்டாவின் அடியில் உறையைவிட அகலமாக ஒரு விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதன் குறுக்களவு ஏறக்குறைய 13.7 மில்லிமீட்டர். முழு நீளம் 78 மில்லிமீட்டர், உறை மட்டும் 56. இந்த விளிம்பு இல்லாமல், அடியில் ஒரு பள்ளம் மட்டும் வெட்டியிருந்தால் அது வேறு வகை. 71 மில்லிமீட்டர் நீளத்தில் விளிம்பில்லாமல் இருந்தால் பெரும்பாலும் 7.62 நேட்டோ, அதாவது 303க்குப் பின் வந்த எஸ்எல்ஆர் ரைஃபிள் காலத்துச் சரக்கு. நீளம் நாற்பத்து மூன்று மில்லிமீட்டருக்குள் அடங்கி, உறை கழுத்தில்லாமல் நேராக இருந்தால் அமெரிக்க கார்பைன் தோட்டா. அதைவிடக் குட்டையாக, உருண்டை முனையோடு இருந்தால் ஸ்டென் துப்பாக்கியின் 9 மில்லிமீட்டர்.

ஜப்பானியத் தோட்டாதான் பலரைக் குழப்புகிறது. அவர்கள் காலாட்படையிடம் இரண்டு அளவு இருந்தது, 6.5 மில்லிமீட்டரும் 7.7 மில்லிமீட்டரும். அவர்களுடைய ராணுவத் துப்பாக்கித் தோட்டாக்களின் அடியில் பொதுவாக எழுத்தோ எண்ணோ இருக்காது, வழவழவென்று இருக்கும். உறையும் குண்டும் சேரும் இடத்தில் நிறப் பூச்சு வளையம் இருக்கும், இளஞ்சிவப்பு என்றால் சாதாரணக் குண்டு, பச்சை என்றால் ஒளிவிட்டுப் போகும் ட்ரேசர், கறுப்பு என்றால் இரும்பைத் துளைப்பது. இன்னொரு சிக்கல், ஜப்பானியக் கடற்படை தன் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு பிரிட்டிஷ் 303இன் அளவையே எடுத்துக்கொண்டது, ஆகவே 303 உருவத்தில் இருப்பதெல்லாம் பிரிட்டிஷ்காரனுடையது என்று அடித்துச் சொல்ல முடியாது, அடியில் என்ன பொறித்திருக்கிறது என்று பார்த்தால்தான் தெரியும்.

பிரிட்டிஷ் வகையில் அடிப்பாகத்து எழுத்துகள் நிறையப் பேசும். தயாரித்த ஆலையின் குறி, வருடத்தின் கடைசி இரண்டு எண்கள், அப்புறம் பெரும்பாலும் ரோமன் எண்ணில் ஏழு. அந்த ஏழு என்பது மார்க் ஏழு, 1910இலிருந்து வந்த கூர்முனைக் குண்டு, 174 கிரெய்ன் எடை, நம் கணக்கில் பதினோரு கிராமுக்குக் கொஞ்சம் மேல், குழலை விட்டு விநாடிக்கு ஏறக்குறைய 740 மீட்டர் வேகத்தில் போகும். கே எஃப் என்று இருந்தால் இந்தியாவில் பூனாவுக்குப் பக்கத்தில் உள்ள கிர்க்கீ ஆலை, இந்தியப் படை சண்டை போட்ட இடத்தில் இது கிடைப்பதில் ஆச்சரியமில்லை. எம் எஃப் என்றால் மெல்பர்னின் ஃபுட்ஸ்கிரே, ஆர் ஜி என்றால் இங்கிலாந்தின் ராட்வே கிரீன். இசட் என்ற எழுத்தும் சிலவற்றில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "இது புது மாதிரி, குழலை அரிக்காது" என்று சிலர் சொல்கிறார்கள், அது சரியில்லை. இசட் என்பது உள்ளே இருப்பது கார்டைட் என்ற இழை வடிவ மருந்து இல்லை, நைட்ரோசெல்லுலோஸ் மருந்து என்று சொல்கிறது, அவ்வளவுதான். பிரைமரைப் பற்றி, அதாவது அடியின் நடுவில் இருந்து, ஊசி அடித்ததும் முதலில் பற்றி மருந்தைக் கொளுத்தும் சிறு மூடியைப் பற்றி, அது ஒன்றும் சொல்லவில்லை, அரிப்பு வருவதோ பிரைமரிலிருந்து.

பிரைமரைச் சுற்றி ஒரு மெல்லிய நிற வளையம் உண்டு. ஊதா என்றால் சாதாரணக் குண்டு, சிவப்பு ட்ரேசர், பச்சை இரும்பு துளைப்பது, நீலம் தீப்பற்ற வைப்பது. பெட்டியில் இருந்து வந்த தோட்டாவில் இதை நம்பலாம். மண்ணில் கிடந்ததில் நிறம் போயிருக்கும், அல்லது பச்சைக் களிம்பு ஏறி எல்லாம் பச்சையாகவே தெரியும். நிறம் தெரியவில்லை என்பதற்காக அதைச் சாதாரணக் குண்டு என்று எடுத்துக்கொள்வதுதான் ஆபத்து. தீப்பற்ற வைக்கும் வகைகளில் சிலவற்றில் வெள்ளைப் பாஸ்பரஸ் இருந்தது, உறை அரித்து அது காற்றுப் பட்டால் தானே எரியும்.

இதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். துப்பாக்கித் தோட்டா கிடைத்த இடத்தில் துப்பாக்கித் தோட்டா மட்டும்தான் இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அன்றைக்கு ஓடிய படையிடம் கையெறி குண்டும் இருந்தது, மோர்ட்டாரும் இருந்தது. அன்னாசிப் பழம்போல் கட்டம் போட்ட இரும்பு உருண்டையோ, வால் சிறகு வைத்த உருளையோ துரு மூடிக் கிடந்தால் கல் என்றே தோன்றும். விரல் பருமனுக்கு மேல் இருக்கும் தோட்டா எதுவும் உள்ளே வெடிமருந்து நிரப்பிய குண்டாக இருக்கலாம், ஜப்பானிய விமானங்களின் 12.7 மில்லிமீட்டர் தோட்டாவிலேயே அப்படி வெடிக்கும் வகை இருந்தது. ஒரு தோட்டா கண்ணில் பட்டால் மண்வாரி இயந்திரத்தை அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். "இன்னும் ரெண்டு நெரைதான் பாக்கி" என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சொன்னாலும் நிறுத்தச் சொல்லுங்கள்.

சரி, சுடக்கூடியது எது என்ற பகுதிக்கு வருவோம், அதாவது சட்டப்படி வாங்கி, உரிமத்தோடு, ரேஞ்சில் சுடுவது.

மச்சானும் நானும் முதலில் பார்ப்பது பெட்டியை. மூடி முத்திரை உடையாத ராணுவப் பெட்டி, உள்ளே ஒரே ஆலை, ஒரே வருடம், ஒரே லாட் எண் (ஒரே தொகுதியாகச் செய்தது என்று காட்டும் எண்), இதுதான் நல்லது. திறந்த பெட்டியில் பல வருடத்துத் தோட்டாக்கள் கலந்து கிடந்தால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அவர் தொடமாட்டார். "கலப்புல ஒண்ணு சரியா இருந்தா மத்ததப் பத்தி அது என்ன சொல்லும் மாமா?" என்பார். உண்மைதான், ஒரே லாட் என்றால் சிலதைச் சோதித்தால் மீதியைப் பற்றி ஓரளவு தெரியும், கலப்பில் ஒவ்வொன்றும் தனிக்கதை.

பெட்டியைத் திறந்ததும் மேசையில் வெளிச்சம் வைத்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். குண்டு உறைக்குள் ஆடுகிறதா, பிரைமர் வெளியே தள்ளியிருக்கிறதா, பிரைமரைச் சுற்றிப் பச்சை ஏறியிருக்கிறதா, உறையில் நசுங்கல் உண்டா, கழுத்தில் முடி மாதிரிக் கோடு உண்டா. அந்தக் கோட்டைத்தான் நான் அதிக நேரம் தேடுவேன். விரலால் உணர முடியாது, பூதக்கண்ணாடி வேண்டும். தோட்டாவைத் திருப்பித் திருப்பி வெளிச்சம் சாய்ந்து விழும்படி பிடித்தால் தெரியும்.

இந்தக் கோட்டுக்குப் பின்னால் ஒரு நல்ல வரலாறு இருக்கிறது. பிரிட்டிஷ் காலத்து இந்தியாவில் மழைக்காலம் வந்தால் தோட்டா உறைகள் தானாகவே விரிசல் விட்டன. மழையும் வெப்பமும் காரணம் என்றுதான் முதலில் நினைத்தார்கள், ஆகவே பருவ விரிசல் என்று பெயரும் வைத்தார்கள். தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள், குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா ஈரக்காற்றோடு கலந்து பித்தளையைத் தாக்கியது என்பது 1920களின் தொடக்கத்தில்தான் தெளிவானது. உறையை அச்சில் அழுத்திச் செய்யும்போது பித்தளைக்குள் ஓர் இறுக்கம் தங்கிவிடுகிறது, அம்மோனியா அந்த இறுக்கம் உள்ள இடமாகப் பார்த்துப் பிளக்கிறது. கழுத்தைச் சூடாக்கிப் பதப்படுத்தினால் இறுக்கம் போய்விடும், அதனால்தான் பல ராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் நீலமும் பழுப்புமாகத் தீ பட்ட சாயல் இருக்கிறது. புதியவர்கள் அதைக் கறை என்று நினைத்துத் தேய்க்கிறார்கள், அது நல்ல அடையாளம், அப்படியே இருக்கட்டும்.

இதைப் படித்தபோது எனக்கு நம் தோட்டத்து நினைப்புதான் வந்தது. ரப்பர் பால் உறையாமல் இருக்க நாம் ஊற்றுவது அதே அம்மோனியா. பால் கொட்டாயில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் அந்த நெடியை மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் காலத்தில் தோட்டக் காவலுக்கு வைத்திருந்த தோட்டாக்களை அம்மோனியா டிரம் இருந்த அதே ஸ்டோரில் வைத்திருந்தால் அவற்றின் கழுத்து என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வேட்டைத் துப்பாக்கிக்கு உரிமம் வைத்துப் பன்றி விரட்டுகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன், தோட்டாவை அம்மோனியா, உரம், பேட்டரி நீர் எதற்கும் பக்கத்தில் வைக்காதீர்கள்.

வெளியே நன்றாக இருந்தால் உள்ளே பார்க்க வேண்டும். அங்கே தோட்டா நிரப்பும் அனுபவமும் அதற்கான கருவியும் உள்ளவர் ஒருவர் கிளப்பில் இருக்கிறார், லாட்டிலிருந்து சிலதை எடுத்து அவர் குண்டை இழுத்துப் பிரித்துக் காட்டினார். வீட்டில் குறடு வைத்து இதைச் செய்ய யாரும் முயல வேண்டாம். கார்டைட் உள்ள 303 என்றால் உள்ளே பொடி இருக்காது, சேமியா மாதிரி நீள நீளமான இழைகள் கட்டாக இருக்கும், அதன் தலையில் ஒரு சிறு அட்டை வட்டு. நல்ல இழை தேன் நிறத்தில், லேசான பளபளப்போடு, வளைத்தால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். கெட்ட மருந்து நெடியிலேயே தெரியும், மூக்கைக் குத்தும் அமில நெடி. இழை ஒட்டிக்கொண்டு பிசுபிசுத்தாலோ, உறையின் உள்பக்கம் பச்சை பூத்திருந்தாலோ அந்த லாட் முழுவதும் வேண்டாம். நைட்ரோசெல்லுலோஸ் மெல்ல மெல்லச் சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுவை விடுகிறது, அதை உறிஞ்சிக்கொள்ளத்தான் தயாரிக்கும்போதே ஒரு நிலைப்படுத்தி சேர்க்கிறார்கள், அந்தச் சேர்மம் தீர்ந்துபோனால் சிதைவு வேகமெடுக்கும். சூடு இதை முடுக்கிவிடும். நம் ஊர் மாதிரி வருடம் முழுக்க முப்பது டிகிரிக்கு மேல் போகிற இடத்தில் கிடந்த மருந்தையும், குளிர்நாட்டுக் கிடங்கில் இருந்த மருந்தையும் ஒரே வயது என்று பார்க்க முடியாது.

சுடும்போது முதல் தோட்டாவை ஒற்றையாகப் போட வேண்டும், மேகசினை நிரப்பிக்கொண்டு தொடங்கக் கூடாது. கண்ணாடியும் காதுக் கவசமும் சொல்லவே வேண்டியதில்லை, பழைய தோட்டாவில் பிரைமர் கிழிந்து வாயு பின்பக்கம் வந்தால் கண்ணைக் காப்பாற்றுவது அந்தக் கண்ணாடி ஒன்றுதான். துப்பாக்கியையும் முன்கூட்டியே சரிபார்த்திருக்க வேண்டும். 303இல் தோட்டா விளிம்பைப் பிடித்துத்தான் அறைக்குள் நிற்கிறது, அந்த விளிம்புக்கும் பின்னால் அடைத்து நிற்கும் போல்ட்டுக்கும் நடுவே இடைவெளி அதிகமாக இருந்தால் உறை நடுவில் அறுந்து பாதி உள்ளேயே தங்கிவிடும். நான்காம் எண் லீ என்ஃபீல்டுக்கு இதைச் சரிசெய்ய 0 முதல் 3 வரை போல்ட் தலைகள் உண்டு, தெரிந்த ஆயுதக் கைவினைஞர் அளவுகோல் வைத்துப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். சுட்ட முதல் உறையைக் கையில் எடுத்து அடிப்பாகத்துக்குக் கொஞ்சம் மேலே பளபளவென்று ஒரு வளையம் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பேன். விழுந்திருந்தால் அன்றைக்கு அந்தத் துப்பாக்கிக்கு ஓய்வு.

இப்போது தாமத வெடிப்பு. விசையை இழுக்கிறீர்கள், டிக் என்ற சத்தம் மட்டும், வேறொன்றும் இல்லை. உடனே போல்ட்டைத் திறந்து பார்க்க வேண்டும் என்று கை பரபரக்கும். திறக்கக் கூடாது. குழல் இலக்கைப் பார்த்தபடியே இருக்க, அசையாமல் காத்திருக்க வேண்டும். முப்பது விநாடி என்பது குறைந்தபட்சம், எங்கள் கிளப்பில் ஒரு முழு நிமிடம். 1960களில் செய்த ஒரு லாட்டில் இதை நான் நேரிலேயே சந்தித்தேன், டிக் என்ற சத்தத்துக்கும் வெடிப்புக்கும் நடுவே தெளிவாக ஓர் இடைவெளி, தோளில் வைத்த துப்பாக்கி அப்படியே இருந்ததால் குண்டு மண்மேட்டில் போய்ச் சேர்ந்தது. அந்த இடைவெளியில் போல்ட்டைத் திறந்திருந்தால் உறை முகத்துக்கு நேரே வெடித்திருக்கும். அந்த லாட்டில் மேலும் இரண்டு அப்படியே செய்ததும் பொறுப்பாளர் "போதும்" என்றார், மீதிப் பெட்டியைச் சட்டப்படி அழிக்கக் கொடுத்துவிட்டோம். ஒன்று தாமதித்தால் தற்செயல் என்று சிலர் தொடர்ந்து சுடுவதைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

இன்னொன்று, டிக் இல்லாமல் "பொப்" என்று அடங்கிய சத்தம், தோளில் உதையே இல்லை. இதில் காத்திருந்தது மட்டும் போதாது. குண்டு குழலுக்குள் பாதியில் நின்றிருக்கலாம், அடுத்த தோட்டாவை அதன் பின்னால் சுட்டால் குழல் பிளக்கும். காத்திருந்து, காலி செய்து, போல்ட்டை எடுத்துவிட்டுக் குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும், தெரியவில்லை என்றால் அன்றைய சுடுதல் முடிந்தது. வரிசையில் பக்கத்தில் பத்துப் பேர் சுட்டுக்கொண்டிருக்கும்போது தன் தோட்டாவின் சத்தம் மாறியதைக் கவனிப்பது எளிதில்லை, ஆகவே பழைய தோட்டா என்றால் நிதானமாக, ஒவ்வொன்றுக்கும் உதையை உணர்ந்து சுட வேண்டும். ட்ரேசரும் தீப்பற்ற வைப்பதும் அங்கே முழுத் தடை, கோடையில் அந்த ஊர்ப் புல் காய்ந்து கிடக்கும், ஒன்று போதும்.

சுட்டு முடித்தபின் உள்ள வேலையைச் சோம்பலால் விடுகிறவர்கள்தான் அதிகம். பழைய பிரைமர்களில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது, வெடித்ததும் அது பொட்டாசியம் குளோரைடாக, ஒரு வகை உப்பாகக் குழலுக்குள் படியும். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், எஃகு துருப்பிடிக்கும். எண்ணெய் இந்த உப்பைக் கரைக்காது, மேலே பூசி மூடிவிடும், உள்ளே அரிப்பு நடந்துகொண்டே இருக்கும். உப்பைக் கரைப்பது தண்ணீர்தான். பிரிட்டிஷ் படையினர் செய்ததுபோலப் பின்பக்கத்திலிருந்து புனல் வைத்துக் கொதிக்கும் தண்ணீரை ஊற்ற வேண்டும், சூட்டில் குழல் தானே காய்ந்தும்விடும். பிறகு துணி ஓட்டி, ஈரம் இல்லை என்று உறுதி செய்து, எண்ணெய். போல்ட் முகத்தை மறந்துவிடாதீர்கள், அங்கும் அந்த உப்பு படியும். மறுநாள் ஒரு வெள்ளைத் துணியை ஓட்டிப் பார்த்தால் பழுப்பு வருகிறதா என்று தெரியும், வந்தால் திரும்பவும் தண்ணீர். பெர்த் மாதிரி உலர்ந்த ஊரிலேயே அன்று மாலைக்குள் செய்துவிடச் சொல்வார்கள். மலேசியாவின் ஈரத்தில் ராணுவக் காலத்தில் நாங்கள் எந்த ஆயுதத்தையும் ராத்திரிக்கு அழுக்கோடு விட்டதில்லை.

சுட்ட பழைய உறையில் மறுபடி மருந்து நிரப்பலாமா என்றும் கேட்கிறார்கள். பல பழைய பிரைமர்களில் பாதரசச் சேர்மம் இருந்தது, வெடித்ததும் பாதரசம் பித்தளையில் ஊறி அதை நொறுங்கும்படி செய்துவிடும். அந்த உறைகள் உருக்கப் போகட்டும்.

பெர்த்தில் இவ்வளவு பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த தோட்டாவிலேயே தாமத வெடிப்பு வருகிறது என்றால், எண்பது மழைக்காலம் மண்ணில் ஊறிய தோட்டாவைப் பற்றி நான் என்ன சொல்ல முடியும்? பிரைமரில் நீர் இறங்கியிருக்கலாம், இறங்காமலும் இருக்கலாம், களிமண் சில சமயம் உறையை நன்றாகக் காப்பாற்றிவிடும். அதைப் பிடியில் வைத்து ரம்பத்தால் அறுப்பது, சுத்தியலால் தட்டிக் குண்டைப் பிடுங்குவது, பித்தளைக்காகப் பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோவது, குப்பையோடு சேர்த்துக் கொளுத்துவது, இவைதான் என்னை உண்மையிலேயே பயமுறுத்துகின்றன. நெருப்பில் விழுந்த தோட்டாவிலிருந்து குண்டு துப்பாக்கியில் போவதுபோல் பறக்காது, ஆனால் உறை கிழிந்து சிதறும் பித்தளைத் துணுக்கும் பிரைமரும் கண்ணைப் பறித்துவிடும். இப்போது நம் தோட்டங்களில் வேலை பார்ப்பவர்களில் பாதிக்கு மேல் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த பிள்ளைகள், அவர்களுக்கு இந்த மண்ணின் கதை தெரியாது, சட்டமும் தெரியாது, பித்தளை கிலோ என்ன விலை என்பது மட்டும் தெரியும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு நேரத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, படத்தைக் காட்டி, அவர்கள் பாஷை தெரிந்த ஒருவரை வைத்துச் சொல்லுங்கள் என்று தோட்ட நிர்வாகங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

கிடைத்தால் செய்ய வேண்டியது இது. தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். வந்த வழியே பின்னால் நடந்து வந்து, எட்டத்தில் ஒரு குச்சி நட்டுத் துணி கட்டுங்கள். 999க்கு அழையுங்கள், அல்லது பக்கத்துப் பாலாய்க்கு (போலீஸ் நிலையத்துக்கு) போன் செய்யுங்கள், தேவைப்பட்டால் போலீஸின் வெடிகுண்டு அகற்றும் பிரிவை அவர்கள் வரவழைப்பார்கள். தாத்தா விட்டுப்போன டப்பாவில் வீட்டிலேயே இருந்தாலும் இதே மாதிரிதான், கையில் எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பாலாய்க்குப் போகாதீர்கள், முதலில் போன் செய்து அவர்களை வரச் சொல்லுங்கள், பேசியவரின் பெயரையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். போனில் தோட்டத்தின் பெயர், டிவிஷன், எத்தனையாவது பீல்டு, எந்த நுழைவாயில் என்று சொல்ல வேண்டும், வெறும் "செம்பனைக் காட்டுக்குள்ள" என்றால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. உள்ரோடு எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், ஆகவே ஒருவர் பெரிய ரோட்டு முனைக்குப் போய் நின்று போலீஸ் வண்டியைக் கூட்டி வரட்டும், இன்னொருவர் அந்தப் பக்கம் ஆடு மாடும் பிள்ளைகளும் போகாமல் பார்த்துக்கொள்ளட்டும்.